காலை வாரும் கலை: கொரியாவின் டெக்கியொன்

நெஞ்சில் உதைக்கலாம், ஆனால் அடிபடும்படி உதைக்கக் கூடாது. பாதத்தை எதிராளியின் உடம்பில் பதித்த பிறகுதான் பலத்தைச் செலுத்த வேண்டும், அதுவும் தள்ளும் பலமாக இருக்க வேண்டும். கொரியாவின் டெக்கியொன் ஆட்டத்தில் இது அடிப்படை விதிகளில் ஒன்று. சண்டைக் கலை என்று பெயர் வாங்கிய ஒன்று, தன் முதன்மையான ஆயுதத்துக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொண்டிருப்பது விசித்திரம்தான். அந்தக் கடிவாளத்தில்தான் டெக்கியொனின் உயிர் இருக்கிறது என்பது என் வாதம்.

அதன் ஆதரவாளர்களைக் கேட்டால் வேறு பெருமைகளைச் சொல்வார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது, போர்க்களத்தில் பிறந்தது, டேக்வாண்டோவின் தாய், ஜப்பானியர் தடை போட்டு அழிக்கப் பார்த்தும் அழியாதது. இந்த நான்கும் கலந்த ஒரு வரலாறு பயிற்சிக்கூடங்களிலும் விழா மேடைகளிலும் சலிக்காமல் சொல்லப்படுகிறது. நான்கையும் தனித்தனியே தராசில் வைத்தால் ஒன்றுகூட சொன்ன எடை நிற்காது. அவற்றைக் கழித்துவிட்டால் டெக்கியொனுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முதலில் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு காலை எதிராளிக்கு எட்டும் தூரத்தில் முன்னே வைத்தாக வேண்டும். 'தெஜொப்' என்று இதற்குப் பெயர். ஆட்டத்தின் பாதியை இந்த ஒரு விதியே தீர்மானித்துவிடுகிறது. எட்டாத தூரத்தில் நின்று வேடிக்கை காட்ட முடியாது. சுற்றிச் சுற்றி ஓடி நேரத்தைக் கரைக்க முடியாது. முன்னே வைத்த கால் தூண்டிலில் கோத்த புழு. அதை எதிராளி கவ்வ வரும் நொடியில் பின்னுக்கு இழுத்து, மற்றக் காலால் பதில் சொல்ல வேண்டும். விலகிப் போவதைத் தற்காப்பாகக் கொண்ட ஆட்டங்கள் பல. இங்கே தன்னை எதிராளிக்குக் கொடுத்துவிட்டுத்தான் தற்காத்துக்கொள்ளவே தொடங்க முடியும்.

அடுத்தது சுவடு. நம் ஊர் அடிமுறை ஆசான்கள் காலடி வைப்பைச் சொல்லும் அதே பொருளில்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன். 'பும்பப்கி' எனப்படும் டெக்கியொன் சுவட்டில், தரையில் மூன்று புள்ளிகள் ஒரு முக்கோணமாக இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் பாதங்கள் நிற்கும், ஒன்று காலியாக இருக்கும். பாதங்கள் மாறி மாறி அந்தக் காலி இடத்தை மிதித்துத் திரும்பும். முழங்கால் குழைந்து நிமிரும், இடுப்பு அதனோடு முன்னே வந்து போகும். கைகள் தளர்ந்து காற்றில் வீசிக்கொண்டே இருக்கும். வாயிலிருந்து 'இக்கு, எக்கு' என்று அடிவயிற்றுச் சத்தம் வரும். மூன்று தட்டுத் தாளத்தில் இது நடக்கும்போது முதன்முறை பார்ப்பவர் நாட்டுப்புற நடனம் என்றே நினைப்பார். எழுதுபவர்களும் 'நடனம் போன்ற அசைவு' என்ற சொற்றொடரோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது, ஏனென்றால் இந்த அசைவு ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது.

உடம்பின் பாரம் எந்தக் காலிலும் தங்குவதில்லை. தங்காத காலை வாருவது கடினம். முழங்கால் ஏற்கெனவே குழைந்திருப்பதால் உதைப்பதற்குத் தனியாக ஆயத்தம் தேவைப்படுவதில்லை. நிமிரும் அசைவே உதையாகிவிடும். எதிராளிக்கு முன்னறிவிப்புக் கிடைக்காது. வீசும் கைகள் பார்வையை மறைக்கின்றன, வரும் காலைப் பிடிக்கவும் அவையே தயாராக இருக்கின்றன. தாளமோ உடைப்பதற்காகவே இருக்கிறது. எதிராளியைத் தன் தட்டுக்குப் பழக்கிவிட்டு, தட்டு விழ வேண்டிய இடத்துக்கு ஒரு கணம் முன்போ பின்போ காலை விடுபவன்தான் தேர்ந்த ஆட்டக்காரன். சீராக ஆடிக்கொண்டே இருப்பவன் மேடைக்குத்தான் லாயக்கு.

வெல்ல இரண்டு வழிகள். எதிராளியைக் கீழே விழவைக்க வேண்டும், அல்லது முகத்தில் பாதம் தெளிவாகப் படும்படி உதைக்க வேண்டும். விழவைப்பதற்கு நுட்பங்கள் ஏராளம். பாதத்தால் கணுக்காலைக் கொளுவி இழுப்பது, கெண்டைக்காலில் தட்டி வாருவது, உயர்ந்து வரும் காலைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் காலைத் தட்டுவது, பிடரியைப் பற்றி அழுத்துவது, முழங்கால் மடிப்பைப் பிடித்துத் தூக்குவது, நெஞ்சில் பாதத்தைப் பதித்துத் தள்ளுவது. முகத்துக்கு உதைப்பதற்கும் உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே எனப் பல வளைவுகள். பட்டியலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எண்ணிக்கையில் இதன் சிறப்பு இல்லை.

இந்த இரண்டு வெற்றிகளையும் ஒரே ஆட்டத்தில் பூட்டி வைத்ததில்தான் சிறப்பு. காலை வாருவார்கள் என்று பயந்து தாழ்ந்து, காலை அகட்டி, ஊன்றி நின்றால் தலை கீழே இறங்கிவிடுகிறது, காலும் கனத்துவிடுகிறது; முகத்தில் பாதம் வந்து விழும். முகத்துக்குப் பயந்து நிமிர்ந்து லேசாக நின்றால் கால் போய்விடும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு. இந்த இக்கட்டுக்கு நிலையான விடை கிடையாது; அசைந்துகொண்டே இருப்பதுதான் விடை. ஆகவே அந்தக் குழையும் சுவட்டை யாரோ ஒரு முனிவர் ஞானத்தில் கண்டார் என்று நம்பத் தேவையில்லை. இந்த விதிகளைக் கொடுத்து, ஒரு தெருவின் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக ஆடவிட்டால், அவர்கள் கால்கள் இதைப் போன்ற ஒன்றைத் தாமாகவே கண்டுபிடித்திருக்கும்.

தள்ளும் உதை என்ற கட்டுப்பாடும் இதே கணக்கில் வருகிறது. வெட்டி உதைத்தால் வலிக்கும், ஆனால் ஆள் விழ வேண்டியதில்லை. பாதத்தைப் பதித்துத் தள்ள வேண்டுமென்றால் எதிராளியின் பாரம் எந்தக் கணத்தில் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தவறான கணத்தில் தள்ளினால் தள்ளியவரே பின்னால் சாய்வார். டேக்வாண்டோவின் இன்றைய நிலையை இதோடு ஒப்பிடலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து அங்கே மார்புக் கவசத்தில் மின்னணு உணரி இருக்கிறது. உணரிக்குப் படுவதே புள்ளி என்றான பிறகு, முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாள்வீச்சைப் போலத் தட்டிப் பறிக்கும் ஆட்டம் பெருகிவிட்டதாக அந்த விளையாட்டின் உள்ளிருந்தே புகார் எழுந்தது. டெக்கியொனில் நடுவருக்கு உணரி தேவையில்லை. விழுந்தானா இல்லையா என்பது கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் குத்து இல்லை. முகத்துக்கு முன் கையைக் காத்து வைக்கும் பழக்கமே ஆட்டக்காரருக்கு வராது. பொது விதியில் ஒரு குத்துச்சண்டை வீரரோடு நிறுத்தினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்பவர்களை மறுக்க என்னிடம் சான்று இல்லை. மென்மையின் கலை என்ற புகழிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. உடம்புக்குத்தான் தள்ளும் உதை. முகத்துக்குப் போவது வீசும் உதை, அது தாடையில் சரியாகப் பட்டால் மென்மையைப் பற்றிப் பேச வாய் இருக்காது. 'பழைய முறை' என்று சில பரம்பரைகள் தனியே வைத்திருக்கும் தொண்டை, மூட்டு, விலா ஆகியவற்றுக்கான ஆபத்தான அடிகள் இந்தக் குறையைத் தீர்க்கும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவை ஆட்டத்தில் அனுமதிக்கப்படாதவை. எதிர்த்து நிற்கும் ஒருவனிடம் சோதிக்கப்படாத அடியைக் கூற்று என்றுதான் கணக்கில் எழுத முடியும், திறமை என்று எழுத முடியாது.

இனி அந்த நான்கு பெருமைகள்.

பழமைக்குக் காட்டப்படும் முதல் சான்று கொகுர்யொ அரசின் கல்லறை ஓவியங்கள். கி.பி. 357ஆம் ஆண்டைச் சேர்ந்த அனாக் மூன்றாம் கல்லறையிலும், இன்று சீன எல்லைக்குள் இருக்கும் முயொங்சொங் கல்லறையிலும் இரண்டு ஆண்கள் அரையாடையோடு எதிரெதிரே நிற்கும் காட்சிகள் உண்டு. இருவர் வெறுங்கையோடு பொருதுகிறார்கள் என்பதற்கு மேல் அந்தச் சுவர்கள் எதையும் சொல்லவில்லை. அதை மல்யுத்தம் என்றும் சொல்லலாம், வேறு எதுவென்றும் சொல்லலாம். அதே ஓவியங்களை டேக்வாண்டோக்காரர்களும் தங்களுக்கென்று காட்டுகிறார்கள் என்பதே அவற்றின் எடையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது சான்று, பின்னால் வந்த கொர்யொ அரசின் காலத்து வெறுங்கைச் சண்டையான 'சுபாக்'. இதற்கு எழுத்து ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. 1170இல் மன்னர் முன்னிலையில் நடந்த சுபாக் போட்டியில் தோற்று ஒதுங்கிய முதிய தளபதியை ஓர் இளம் அரசவை அதிகாரி கன்னத்தில் அறைந்தான். அந்த அவமானம் மூட்டிய நெருப்பில் படைத்தலைவர்கள் கலகம் செய்து ஆட்சியையே கைப்பற்றினார்கள். கொரிய வரலாற்றின் திருப்பங்களில் ஒன்று அது. ஆனால் சுபாக் கையை முதன்மையாகக் கொண்டது, டெக்கியொன் காலை. இடையில் ஆறு நூற்றாண்டு. சுபாக்கிலிருந்து டெக்கியொன் வந்தது என்று சொல்ல, நடுவில் ஒரு படிக்கட்டாவது வேண்டாமா?

போர்க்கலை என்ற உரிமைக்கு எதிரான சான்று இன்னும் கடுமையானது. 1790இல் மன்னர் ஜொங்ஜோவின் ஆணைப்படி 'முயே தோபோ தொங்ஜி' என்ற படைக்கலப் பயிற்சி நூல் தொகுக்கப்பட்டது. வாள், ஈட்டி, குதிரைமேல் சண்டை என 24 பயிற்சிகள், ஒவ்வொன்றும் படத்தோடு. அவற்றுள் வெறுங்கைச் சண்டையும் ஒன்று. அதன் வேர் மிங் காலச் சீனத் தளபதி சி ஜிகுவாங்கின் நூலில் இருக்கிறது. டெக்கியொன் அந்தத் தொகுப்பில் எங்கும் இல்லை. கண்ணுக்கு எதிரே தெருவில் இருந்திருக்கக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு, சீனத்திலிருந்து வந்ததைத் தொகுத்திருக்கிறார்கள். அப்போது டெக்கியொன் இல்லவே இல்லை என்றும் வாதிட முடியாது. எட்டே ஆண்டுகள் கழித்து, 1798இல் தொகுக்கப்பட்ட 'ஜேமுல்போ' என்ற சொற்களஞ்சியம் பழைய கைச்சண்டையை விளக்கும்போது 'இக்காலத்துத் தக்கியொன் போல' என்று குறிப்பிடுகிறது. படிப்பவருக்குப் பழையதைப் புரியவைக்க உதாரணமாகக் காட்டும் அளவுக்கு அது தெரிந்த விஷயம். ஆக, ஊருக்குத் தெரிந்திருக்கிறது, படைக்கு அது பொருட்டாக இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு வகைப்பாடு கிடைக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சான்றுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. 1846ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் யூ சுக்கின் 'தேக்வேதோ' ஓவியத்தில் ஒரு திறந்தவெளி, பெருங்கூட்டம். ஓரிடத்தில் இருவர் கட்டிப் பிடித்து 'சிரும்' மற்போர் புரிகிறார்கள். இன்னோரிடத்தில் கொண்டை போட்ட இருவர் கைகளை வீசி, கால்களை மாற்றி வைத்து நிற்கிறார்கள். உயர்குடியினர், எளியவர்கள், சிறுவர்கள், மிட்டாய் விற்பவன், சாராயம் விற்பவன் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த இருவர் ஆடுவது டெக்கியொன் என்று ஓவியத்தில் எழுதியில்லை. நிலையைப் பார்த்து ஊகித்தது அது. ஊகம் என்றாலும் நல்ல ஊகம்.

1895இல் வெளிவந்த ஸ்டுவர்ட் கியூலினின் நூலுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்த அமெரிக்கர், கொரிய அதிகாரி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியவர். டெக்கியொனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சில வரிகளில் விதியையும் தருகிறார். இருவரும் எதிரெதிரே காலை அகட்டி நிற்பார்கள். ஒரு காலைப் பின்னே மூன்றாவது இடத்துக்கு எடுக்கலாம், எனவே பாதங்கள் எப்போதும் மூன்று இடங்களில் ஏதாவது இரண்டில் இருக்கும். ஒருவர் உதைத்தால் மற்றவர் காலை விலக்கிவிட்டுத் திருப்பி உதைப்பார். உயர உதைக்கலாம், அதைக் கையால் பிடிக்கலாம். எதிராளியை வீழ்த்துவதே நோக்கம். முக்கோணச் சுவடு, முறை வைத்து உதைத்தல், கால் பிடித்தல், வீழ்த்துதல் எல்லாம் அந்தச் சிறு பத்தியில் வந்துவிட்டன. எந்தப் புத்தகத்தில் வந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. பட்டம், பம்பரம், தாயம் போன்றவற்றைத் தொகுத்த, கொரிய விளையாட்டுகளைப் பற்றிய புத்தகம் அது.

ஆக, கையில் நிற்கும் பழமை இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல். வகை, போட்டி விளையாட்டு. இதில் இழிவு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் 'விளையாட்டு' என்றால் கௌரவம் குறைந்துவிடும் என்று டெக்கியொன் அமைப்புகள் பயப்படுவது அவர்களின் ஒவ்வொரு வெளியீட்டிலும் தெரிகிறது.

தடைக் கதைக்கும் இதே தராசுதான். ஜப்பானிய ஆட்சி 1910இல் தொடங்கி 1945 வரை நீடித்தது. கூட்டம் கூடுவதை அது விரும்பவில்லை, கொரியப் பண்பாட்டை நசுக்கியது, இதில் ஐயமில்லை. ஆனால் 1925இல் அச்சான சோய் யொங்-நியொனின் 'ஹேதொங் ஜுக்ஜி' என்ற நூல் வேறொரு காரணத்தையும் பதிவு செய்கிறது. தேர்ச்சி குறைந்தவன் காலை உதைப்பான், தேர்ந்தவன் தோளை, வல்லவன் பறந்து கொண்டையையே தட்டிவிடுவான் என்று வியந்து விவரித்துவிட்டு, இதை வைத்துப் பழி தீர்த்தார்கள், பந்தயம் கட்டி ஒருவன் ஆசைநாயகியை மற்றவன் பறித்தான், அதனால் சட்ட அதிகாரிகள் தடுத்தார்கள், இப்போது ஆட்டம் இல்லை என்கிறார் அவர். சூதும் அடிதடியும் கலந்த தெரு ஆட்டத்தைக் காவல்துறை ஒடுக்கியது என்பது ஒரு தேசிய வீரகாவியத்துக்குப் பொருந்தாத காரணம். அதனாலேயே அதை அதிகம் நம்பத் தோன்றுகிறது. அந்நிய ஆட்சி, மாறிவந்த நகர வாழ்க்கை, பள்ளிகள் வழியே பரவிய ஜூடோ, கால்பந்து எல்லாமே சேர்ந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கும். கடைசி ஆட்டக்காரர் என்று கொண்டாடப்படும் சோங் தொக்-கியே இளமையில் கால்பந்து ஆடியவர்தான்.

டேக்வாண்டோவின் தாய் என்ற உரிமைதான் நான்கிலும் மிகப் பலவீனமானது. நம் ஊர்ப் பள்ளிகளில் வெள்ளை உடையும் நிறப் பட்டையுமாகப் பிள்ளைகள் பயிலும் டேக்வாண்டோவுக்கு அடித்தளம் இட்டவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பியவர்கள். 1944இல் சொங்தோக்வான் பள்ளியைத் தொடங்கிய லீ வொன்-குக் கற்றது கராத்தே ஆசான் ஃபுனாகோஷியிடம். உடை, பட்டை, வரிசைகள், ஓடு உடைத்தல் எல்லாம் அந்த வழியே வந்தவை. 1950களின் முதற்பாதியில் அதிபர் சிங்மன் ரீ முன்னால் படைவீரர்கள் கூரை ஓடுகளைக் குத்தி உடைத்துக் காட்டினார்களாம். வியந்துபோன அதிபர், இது நம்முடைய டெக்கியொன் அல்லவா என்றாராம். அந்தப் பெயருக்கு நெருக்கமான ஒன்றைத் தேடித்தான் 1955இல் 'டேக்வாண்டோ' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது என்று, அதை முன்வைத்தவராக அறியப்படும் தளபதி சோய் ஹொங்-ஹியின் தரப்பு சொல்லும். கதை உண்மையானால் அதைவிடக் கசப்பான நகைச்சுவை இல்லை: ஜப்பானிய எதிர்ப்பில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் கராத்தேயைப் பார்த்துத் தன் நாட்டுக் கலை என்று பூரித்திருக்கிறார். ஸ்டீவன் கேப்பனர், உடோ மோனிக் போன்ற ஆய்வாளர்கள் கராத்தே வேரை விரிவாகவே நிறுவிவிட்டார்கள். பின்னாளில் டேக்வாண்டோ கையைக் குறைத்துக் காலுக்கு மாறியதில் கொரிய ரசனையின் பங்கு இருக்கலாம். ஆனால் ரசனை வேறு, பரம்பரை வேறு.

இதையெல்லாம்விட எனக்குக் கடினமாக இருப்பது, இன்று ஆடப்படும் டெக்கியொனைப் பற்றிய தீர்ப்புதான். ஏனெனில் இங்கே குற்றவாளியும் இரட்சகனும் ஒருவரே.

சோங் தொக்-கி 1893இல் சியோலில், இன்வாங் மலையடிவாரத்துப் பகுதியில் பிறந்தவர். இம் ஹோ என்பவரிடம் கற்றார். தானோ திருவிழாவின்போது முதலில் சிறுவர்களும் பிறகு பெரியவர்களும் ஆடிய, ஊருக்கு ஊர் அணி சேர்த்து மோதிய அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர். 1958இல் அதிபரின் பிறந்தநாளில் ஆடிக்காட்டச் சொன்னபோது, ஈடுகொடுத்து ஆட ஒரு துணை கிடைப்பதே பெரும்பாடாக இருந்ததாம். அவருடைய டெக்கியொனில் எழுதி வைத்த பாடத்திட்டமோ நீண்ட வரிசைகளோ இருந்ததாகத் தெரியவில்லை. ஆடக் கற்றார், ஆடக் கற்றுக்கொடுத்தார்.

அவரிடம் வந்து சேர்ந்த சின் ஹான்-சுங் மல்யுத்த வீரர், சுங்ஜு நகரத்தில் வாழ்ந்தவர். அரசு பாதுகாக்கும் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் டெக்கியொனை ஏற்றிவிட வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்தவர். பட்டியலில் ஏற வேண்டுமென்றால் அதிகாரிகளிடம் காட்டுவதற்கு ஒரு முறைமை வேண்டும். 'தெருவில் இப்படித்தான் ஆடினோம்' என்பது எந்தக் கோப்பிலும் அடங்காது. சின் அந்த முறைமையை உண்டாக்கினார். தனித்துப் பயிலுதல், எதிரெதிரே நின்று கொடுத்து வாங்குதல், பிறகு மோதல் என்று படிநிலை வகுத்தார், அசைவுகளை வரிசையாகக் கோத்தார், பெயர்களை ஒழுங்குபடுத்தினார். 1983 ஜூன் 1 அன்று டெக்கியொன் 76ஆம் எண் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. சோங்கும் சின்னும் அதன் காவலர்களாக ஏற்கப்பட்டார்கள். சோங்குக்கு அப்போது 90 வயது. நான்கே ஆண்டுகளில், 1987 ஜூலையில், ஒரே மாதத்தில் இருவரும் இறந்துபோனார்கள்.

அதன் பிறகு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதே. சின்னின் முறைமை சுங்ஜுவில் அரசு அங்கீகாரத்தோடு தொடர்ந்தது. பூசானிலிருந்து கிளம்பிய இன்னொரு தரப்பு அதைப் போட்டி விளையாட்டாக நாடெங்கும் பரப்பியது. சோங்கிடம் நேரடியாகக் கற்றவர்கள் ஊர் அணி ஆட்டத்தை முன்னிறுத்தித் தனியே போனார்கள். பிடிப்பும் மூட்டு மடக்கும் நிறைந்த சோங்கின் முழுப் பாடம் தங்களிடமே உள்ளது என்று வேறொரு சிறு பரம்பரையும் சொல்கிறது. சுவட்டில் வயிற்றை எவ்வளவு முன்தள்ள வேண்டும் என்பதற்குக்கூடக் கட்சிகள் உண்டு. எல்லாத் தரப்பும் கடைசியில் மேற்கோள் காட்டுவது ஒரே ஒரு கிழவரின் உடம்பை, அதுவும் எண்பது தொண்ணூறு வயதில் எடுத்த புகைப்படங்களையும் படச்சுருள்களையும். ஒற்றைச் சாட்சியை வைத்து வழக்கை நடத்தும்போது எந்தத் தரப்பும் முழுதாக வெல்ல முடியாது.

சின் செய்தது திரிபா? பழமைவாதிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அவர் இல்லையென்றால் டெக்கியொன் கியூலினின் ஒரு பத்தியாகவும் யூ சுக்கின் ஒரு மூலையாகவும் மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்த அளவில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் உண்டாக்கிய முறைமை எதைப் போல இருக்கிறது என்று பார்த்தால் சங்கடம் வருகிறது. படிநிலை, வரிசை, தனியாள் ஆடிக்காட்டும் பாடம் எல்லாம் அப்போது கொரியாவில் கோலோச்சிய டேக்வாண்டோ, ஜூடோ ஆகியவற்றின் சட்டகம். டேக்வாண்டோ டெக்கியொனின் பிள்ளை இல்லை என்று மேலே சொன்னேன். புத்துயிர் பெற்ற டெக்கியொன் டேக்வாண்டோவிடமிருந்து சட்டையை இரவல் வாங்கியது என்பது அதைவிட உண்மைக்கு நெருக்கம். எதிராளி இல்லாமல் ஆடப்படும் வரிசையில் தெஜொப் விதிக்கு அர்த்தமே இல்லை. யாருக்கு முன்னே காலை நீட்டி வைப்பது?

2011 நவம்பரில் பாலித் தீவில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ டெக்கியொனை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் சண்டைக் கலை என்று கொரியர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள். யுனெஸ்கோவின் விவரிப்பு, இதை வேளாண் பருவங்களோடு ஒட்டிய மரபு என்றும், சமூக ஒற்றுமைக்கும் மக்கள் உடல்நலத்துக்கும் உதவுவது என்றும் சொல்கிறது. உடல்நலத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் சோங் அறிந்ததும் சோய் யொங்-நியொன் எழுதியதும் தலைநகரத் தெருப் பிள்ளைகளின், பந்தயக்காரர்களின், பேட்டைச் சண்டைகளின் ஆட்டம். சர்வதேச மேடைக்காக அதற்கு மண்வாசனை தெளித்திருக்கிறார்கள். சூதாடியைக் குளிப்பாட்டி விவசாயியாக்கிய இந்த வேலையில், கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து கழுவப்பட்டுவிட்டது.

ஆரவாரத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு முயற்சி 2004இல் சியோலின் இன்சாதொங் கடைத்தெருவில் தொடங்கியது. ஊர் அணி ஆட்டத்தை முன்னிறுத்தும் தரப்பினர் அணிக்கு ஐந்து பேர் என்று திரட்டி, வெட்டவெளியில் பாய் விரித்து, போகிற வருகிற சனங்களுக்கு முன் மோதவிட்டார்கள். தோற்றவர் விலக அவர் அணியின் அடுத்தவர் வருவார். வென்றவர் விழும்வரை நிற்பார். ஒரே ஆள் எதிரணி முழுவதையும் சாய்த்துவிடுவதும் நடக்கும், களைத்துப்போன வல்லவனைப் புதிதாக வந்த பையன் வாரிவிடுவதும் நடக்கும். எந்தப் பட்டியலும் கொடுக்காத சான்றை இது கொடுத்தது: விதிகள் இன்றும் வேலை செய்கின்றன. தெருவில் நின்று பார்ப்பவனுக்கு விளக்கவுரை இல்லாமலே ஆட்டம் புரிகிறது.

என் தீர்ப்பு இதுதான். பண்டைப் போர்க்கலை என்ற வழக்கில் டெக்கியொன் தோற்கிறது. சான்று இல்லை, இருக்கும் சான்றும் எதிராகவே பேசுகிறது. டேக்வாண்டோவின் தாய் என்ற வழக்கைத் தள்ளுபடி செய்ய யோசிக்கவே வேண்டாம். அறாத மரபு என்ற வழக்கில் பாதி வெற்றி: நூல் அறுந்துதான் போனது, ஒரே ஓர் இழை மிஞ்சியது, மற்றதை 1970களிலும் 80களிலும் நெய்தார்கள். போட்டி ஆட்டம் என்ற வகையில் மட்டும் அது உலகின் முதல் வரிசையில் உட்காரத் தகுதியுள்ளது. எதிராளியைச் சேதப்படுத்தாமல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெல்வதற்கு இவ்வளவு குறைந்த விதிகளில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டைச் செய்துகொண்ட உதை ஆட்டம் வேறு எதையும் நான் அறியேன். சிருமின் பின்னலும் டேக்வாண்டோவின் உயரமும் ஒரே களத்தில் கிடைக்கின்றன, கவசமும் உணரியும் இல்லாமல்.

மேடையில் வரிசை ஆடிக் காட்டுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இந்த அமைப்புகள் ஒரே களத்துக்கு ஒதுக்கலாம். எந்தத் தரப்பின் விதிப்புத்தகமும் வேண்டாம், அதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே சபை கலைந்துவிடும். 1895ஆம் ஆண்டுப் பத்தி இருக்கிறது: பாதங்களுக்கு மூன்று இடம், முறை வைத்து உதை, உயர வரும் காலைப் பிடிக்கலாம், விழுந்தவன் தோற்றான். சுங்ஜுவின் அரசு அங்கீகாரம் பெற்றவரையும், பூசான் வழி வந்த போட்டி வீரரையும், இன்சாதொங் தெருவில் ஆடிப் பழகியவரையும் அந்த விதியில் மோதவிடட்டும். வயிற்றை எவ்வளவு முன்தள்ள வேண்டும் என்ற விவாதம் அன்று மாலைக்குள் முடிந்துவிடும்.